சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம்

ஸ்ரீராம்குமாரின் கழுத்தில் அம்மாவின் பத்துப் பவுன் இரட்டைவடச் சங்கிலி ஏறியது, அந்த வருஷத்தில் மூன்றாவது முறை. தையில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை, இப்போது வைகாசியில். இருபத்துநாலு வயசு ஆம்பளை, இஸ்திரி போட்ட சட்டை, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் நெல்லிக்காயை ஒதுக்கினதுபோல வீக்கம், அதன்மேல் சந்தனப் பத்து, மார்பில் முகூர்த்தத்துக்குக் கிளம்பின பெண் மாதிரி புரளுகிற சங்கிலி. இந்தக் கோலத்தில்தான் எம். புதுப்பட்டியில் அப்பாவின் பட்டாசு ஆலை ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, வடக்கே இருக்கிற வியாபாரிகளிடம் போனில் இந்தி பேசிக்கொண்டிருந்தான். ஆர்டர் பேச வந்த ஏஜெண்ட் ஒருத்தர் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நின்றார்.

"சீசனுக்கு முன்னாடியே தம்பி கழுத்து இப்பிடி மின்னுதுன்னா, இந்த வருசம் விலையில ஒண்ணும் கொறைக்க மாட்டீக போல."

"பொன்னுக்கு வீங்கி அண்ணாச்சி" என்று அய்யாதுரை மகனுக்காகப் பதில் சொன்னார்.

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட வேண்டும். அந்த வட்டாரத்தில் அதற்கு யாரும் டாக்டர் சீட்டுக் கேட்பதில்லை. அய்யாதுரையின் மனைவி சொர்ணலட்சுமியும் கேட்கவில்லை. ஆனால் அவள் விருதுநகர்ப் பருப்பு மண்டி வீட்டில் பிறந்தவள். மூட்டையைக் குத்தூசியால் ஒரு குத்துக் குத்தி, நாலு பருப்பை உள்ளங்கையில் உருட்டி, அது எத்தனை மழையில் நனைந்து வந்தது என்று சொல்லிவிடுகிற அப்பாவுக்கு மகள். தையில் சங்கிலியை மாட்டும்போது பதறினாள். பங்குனியில் மாட்டும்போது குலசாமியிடம் வேண்டிக்கொண்டாள்: 'எம்பிள்ளைக்கு இது சொகமாயிட்டா, ஆடிப்பெருக்கு அன்னைக்கு எடைக்கு எடை வெல்லம் தாரேன்.' வைகாசியில் மாட்டும்போதோ கொக்கியைப் போட்ட கை அப்படியே நின்றது. பொன்னுக்கு வீங்கி ஆளுக்கு ஒருதரம்தான் வரும். அதுவும் இவனுக்கு மூணாங்கிளாஸ் படிக்கும்போதே வந்து போய்விட்டது. அப்படியானால் மூன்று தடவை வந்தது என்ன சரக்கு?

இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால் எதிராளி உஷாராகிவிடுவான் என்பது மண்டியில் கற்ற பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி ராஜபாண்டியன் விருதுநகரிலிருந்து வந்தான். அவன் வந்தால் கூடவே எண்ணெய்ப் பரோட்டாப் பொட்டலமும், சாத்தூர்ச் சேவும், சீரணி மிட்டாயும் வரும். அதற்குமேல் வீட்டில் கோழிக் குழம்பு. சொர்ணலட்சுமி வாழை இலையை விரித்ததும் ராஜபாண்டியன் மருமகனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டான்.

"வாலே அணுகுண்டு. மாமா பக்கத்துல உக்காரு. வச்சுக்க, வச்சுக்க. என்னக்கா இவன், கோளி றெக்கையக் கொறிச்சிக்கிட்டு இருக்கான்?"

ஸ்ரீராம்குமார் சின்ன வயதில் உருண்டையாக இருப்பான். அணுகுண்டு என்பது அப்போது மாமன் வைத்த பெயர். கல்லூரி முடிந்து, கம்பெனி விளம்பரத்துக்குச் சங்குசக்கரத்தைச் சுற்றவிட்டுப் போனில் படம் பிடித்துப் போட ஆரம்பித்தபோது, படத்தின் கீழே முகம் தெரியாதவர்கள் சங்குசக்கரத்தை விட்டுவிட்டு இவன் வயிற்றைப் பற்றி எழுதினார்கள். அப்புறம் பையன் இளைத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் கைகுலுக்கினார்கள். இளைத்தது ஒரு அளவில் நின்றுபோயிற்று. இப்போது குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை, ஊரில் நாலு பேர் மாதிரி இருந்தான். பெயர் மட்டும் போகவில்லை.

காலையில் சீரகத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தவன் முதலில் கொறித்தான். ஐந்து நிமிஷம் கழித்துக் கொறிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், பேச்சில் சேராமல், பரோட்டாவுக்கு மேல் பரோட்டாவாக, சோறாக, மறுபடி சேவாக, யாரோ பின்னால் துரத்துகிறதுபோலச் சாப்பிட்டான். ராஜபாண்டியனுக்குக் கண் நிறைந்துபோயிற்று.

"பாத்தீகளா மச்சான், சாப்பிடுததும் சாப்பிடுதான், உடம்பும் ஏறலை. வரம் வாங்கியாந்த வயிறு!"

"எங்கப்பாரு வழி" என்றார் அய்யாதுரை, தானே சாப்பிட்டதுபோல.

கை கழுவின கையோடு பையன் மாடிக்குப் போனான். "குளிச்சிட்டு வாரேன்."

சொர்ணலட்சுமி இலையை எடுத்துக்கொண்டிருந்தாள். சிவகாசியில் குழாயில் தண்ணீர் வருவது எட்டு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் பத்து. மிச்ச நாளெல்லாம் லாரித் தண்ணீர். மேல்தொட்டியில் எத்தனை குடம் கிடக்கிறது என்பது படுத்த படுக்கையிலேயே தெரிகிற பெண்கள் உள்ள ஊர். சனிக்கிழமை சாயங்காலம் லாரிக்காரன் நிரப்பின தொட்டி, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மடமடவென்று இறங்குவதை அவள் மூன்று வாரமாகப் பார்த்து வருகிறாள். இன்றைக்கும் சமையல்கட்டுக் குழாயில் நூலாகத்தான் வந்தது. தண்ணீரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முந்தானையைச் செருகிக்கொண்டு மாடி ஏறினாள்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குழாய் முழு வேகத்தில் வாளியில் விழுந்து, வாளி நிரம்பி, தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஓங்கின கை இறங்கிவிட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது.

"குளிச்சியாலே?"

"ஆமாம்மா."

தலைமுடி வறண்டிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. வலது கை விரல் முட்டியில், தகரம் கிழித்தது என்று அவன் சொல்லியிருந்த ஆறாத காயம், இப்போது பல் பட்ட தடமாகத் தெரிந்தது. அவள் அதையே பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"எத்தன நாளா?"

அவன் இரண்டு படி தள்ளிக் கீழே உட்கார்ந்தான். கீழே ராஜபாண்டியன் மச்சானிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருசமா."

"சாப்பாடு ஒத்துக்கிடலையா?"

"ஒத்துக்கிடுதும்மா. நானாத்தான்..."

அவள் வாயில் முதலில் வந்தது கெட்ட வார்த்தைதான். "வெளிய தள்ளுததுக்கா இம்புட்டும் தின்ன? எத்தன பேரு ஒரு வேளைக் கஞ்சிக்கு..." பாதியிலேயே அதன் அசிங்கம் அவளுக்கே தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

"அதத்தாம்மா நானும் எனக்குச் சொல்லிக்கிடுதேன்" என்றான் அவன். "தெனமும். உன்ன விடக் கெட்ட வார்த்தையில."

அவனே தொடர்ந்தான்.

"காலையில வயித்தக் காயப் போடுவேன். இன்னைக்கு ஒளுங்கா இருந்துரணும்னு. மதியம் ஒரு வாய் வச்சிட்டா, அப்புறம் அது என் கை இல்லம்மா. வயிறு நெறஞ்சாலும் நிக்காது. ருசி கூடத் தெரியாது, சத்தியமா. முடிஞ்சதும் பயம் வந்துரும். தின்னது வெளிய போனாத்தான் மூச்சே வரும். அப்புறம் அசிங்கமா இருக்கும். நாளைக்குச் சாப்பிடவே கூடாதுன்னு தோணும். மறுநா காலையில மறுபடியும் சீரகத் தண்ணி."

"என்னத்துக்குலே பயம்?"

"எல்லாத்துக்கும். இப்ப ரெண்டு மாசமா ஆடி பதினெட்டுக்கு."

அவளுக்குப் புரியவில்லை.

"நீ வேண்டிக்கிட்டேல்லா, எடைக்கு எடை வெல்லம்னு. எனக்கு எட்டு வயசுல ஒரு தடவை தராசுல ஏத்துனீகளே, ஞாவகம் இருக்கா? கொண்டு போன வெல்லம் பத்தலை. மாமா கூட்டத்தப் பாத்து, 'ஏய், இன்னொரு மூட்டைய அவுருங்கப்பா, அணுகுண்டு எழும்ப மாட்டேங்கான்'னு கத்துனாரு. கோயிலே சிரிச்சுச்சு. நான் தட்டுல உக்காந்துக்கிட்டு உன்னையத்தான் பாத்தேன். நீயும் சிரிச்சம்மா."

சொர்ணலட்சுமிக்கு ஞாபகம் இருந்தது. அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றது ஞாபகம் இருந்தது. தன் பிள்ளைக்கு வெல்லம் பத்தவில்லை என்று அதற்கு அப்புறம் பத்து வீட்டில் பீற்றிக்கொண்டதும்தான்.

"நான் பெருமையிலதான சிரிச்சேன்" என்றாள்.

"தெரியும்மா. இப்பத் தெரியும். அன்னைக்குத் தெரியலை."

அவள் எழுந்து, அவன் கழுத்திலிருந்த சங்கிலியின் கொக்கியைக் கழற்றி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

அவனுக்கு ரொம்ப நாளாகவே பல் கூச்சம். மோர் குடித்தால்கூட முகத்தைச் சுளிப்பான். முதலில் அந்த வழியில்தான் போனார்கள். பல் டாக்டர் யோகேஸ்வரி வாயைத் திறக்கச் சொல்லி, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். மேல்வரிசைப் பல்லின் உள்பக்கம் வெகுநேரம் பார்த்தாள். காதுக்குக் கீழே இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தபடி, மூன்று தடவை சங்கிலி போட்ட கதையையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொர்ணலட்சுமியிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றாள்.

"எனக்குத் தெரியும் தாயி. வெளிய போனா எனக்குப் பாதிதான் தெரியும். மிச்சத்தையும் சொல்லு."

யோகேஸ்வரி பையனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. அடிக்கடி வாந்தி எடுத்தா எச்சில் சுரப்பி இப்பிடி வீங்கும். வயித்துல இருக்க அமிலம் பல்லையும் அரிச்சிருக்கு. இதுக்குப் புலிமியான்னு பேரு. சாப்பாட்டுல வார மனசு நோய். திமிரும் இல்ல, தீனி ஆசையும் இல்ல. தம்பி, வாந்தி வந்திருச்சுன்னா ஒடனே பல்லைத் தேய்க்காத, தண்ணியக் கொப்பளிச்சிட்டு அரை மணி நேரம் பொறு. பல்லை நான் பாத்துக்கிடுதேன். மிச்சத்துக்கு மதுரையில ஒரு டாக்டர் இருக்காரு, எழுதித் தாரேன்."

"பொம்பளப் பிள்ளைகளுக்கு வார நோய்னு எங்கயோ படிச்சேன்" என்றான் ஸ்ரீராம்குமார், வாயில் பஞ்சோடு.

"ஆம்பளைகளுக்கும் வருது. அவுக வெளிய சொல்லுததில்ல. மூணு தடவை சங்கிலி போட்டுக்கிட்டுச் சுத்துவாக."

அவன் சிரித்துவிட்டான். பஞ்சு கீழே விழுந்தது.

மதுரைக்கு அய்யாதுரையும் வந்தார். விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆலையில் மருந்துக் கலவை அறைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றி, மூச்சைக்கூட மெதுவாக விடுகிற மனுஷர் அவர். வீட்டிலும் அன்றைக்கு அப்படியே நடந்தார். டாக்டர் லட்சுமிகாந்தம் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பொட்டாசியம் குறைந்திருக்கிறது, இதயத் துடிப்பையும் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றதும், மனுஷருக்கு வாய் திறந்துகொண்டது.

"பொட்டாசியமா டாக்டர்? நம்ம கிட்டங்கில மூட்டை மூட்டையாக் கெடக்கே!"

லட்சுமிகாந்தம் பேனாவைக் கீழே வைத்தார். "அது வெடியுப்பு. அதத் தப்பித் தவறி வாயில வச்சிராதீங்க."

"தெரியும் டாக்டர். முப்பது வருசமா அதுலதான் சோறு. பயத்துல வாய் என்னமோ பேசுது."

"பேசட்டும். மாத்திரை தர்றேன், குறைஞ்சது ஏறிரும். ஆனா மாத்திரை மட்டும் போதாது. வாராவாரம் தம்பி இங்க வந்து பேசணும். அஞ்சாறு மாசம் ஆகும். நடுவுல சறுக்கும். சறுக்கினா சண்டை போடாதீங்க, மறு வேளைச் சோத்தைப் போடுங்க. பட்டினி கிடக்கவே கூடாது. மூணு வேளை, நடுவுல ரெண்டு தடவை ஏதாவது. காலையில பட்டினி கிடக்கிறதுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிக்குது."

அய்யாதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பட்டினிதான் திரி. நாங்க வெடியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

"சரியாச் சொன்னீங்க. அப்புறம் ரெண்டு விஷயம். வீட்டுல யாரும் அவர் உடம்பைப் பத்திப் பேசக்கூடாது. இளைச்சிட்ட, பெருத்துட்ட, எதுவும் வேண்டாம். எடையும் பார்க்கக்கூடாது, அது இங்க நான் பாத்துக்குவேன். ரெண்டாவது, சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் தம்பியைத் தனியா விடாதீங்க. காவல் காக்காதீங்க. கூட இருங்க."

"ஒரு மணி நேரம் என்ன செய்ய?" என்று கேட்டாள் சொர்ணலட்சுமி.

"பேசுங்க."

பேசுவதற்கு அந்தக் குடும்பத்துக்கு வைத்தியர் சீட்டு எழுதித் தந்தது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் முதல் இரண்டு நாள் பேச்சு வரவில்லை. இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அம்மாவும் மகனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, சுவர்க் கடிகார முள்ளைத் தள்ளிவிட முடியாதா என்று உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு நெற்றியில் வேர்த்தது. காலை ஆட்டினான். மாடிப்படியைப் பார்த்தான். மூன்றாம் நாள் சொர்ணலட்சுமி பொறுக்க முடியாமல், மண்டித் தரகர் மாதிரி விளையாட்டுப் பேரம் ஒன்றைத் தொடங்கினாள்.

"ஏலே, உங்கப்பாரு ஸ்கூட்டர் விலைக்கு வருதாம். என்ன விலைக்குக் கேப்ப?"

"அந்தத் தகரமா? சும்மா தந்தாலும் வேண்டாம்."

"அப்பிடிச் சொல்லாதீக மொதலாளி. வண்டி ஓடலைன்னாலும் ஆரன் அடிக்கும்."

"ஆரன் மட்டும் அடிக்கும். பிரேக்கப் பிடிச்சாலும் ஆரன்தான் அடிக்கும்."

"ரெண்டு வேலைக்கு ஒரு சாமான்! அதுக்குல்லா கூட விலை."

நாற்பது நிமிஷம் அந்த ஸ்கூட்டரில் போயிற்று. மறுநாள் மின்விசிறி. அதற்கு மறுநாள் அய்யாதுரையின் மீசை. மதியப் பொழுது அய்யாதுரையின் முறை. ஆலையில் வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். எதிரே களத்தில் குருவி வெடிகள் சிவப்புப் பாய் விரித்தாற்போலக் காயும். மேற்கே மேகம் கருத்தால் அத்தனை பேரும் ஓடி அள்ள வேண்டும். அப்படி ஒரு நாள் சாப்பிட்ட கையோடு அப்பாவும் மகனும் வெடித் தட்டுகளை அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். மழை நாலு தூறலோடு போய்விட்டது. மூச்சு வாங்க நின்றபோது, ஒரு மணி நேரம் தாண்டி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. "இன்னைக்கு ஓசியில போயிருச்சுலே" என்றார் அய்யாதுரை.

ஆனி மாசம் இரண்டு தடவை சறுக்கியது. இரண்டு தடவையும் அவனே வந்து சொன்னான். முதல் தடவை சொர்ணலட்சுமி சமையல்கட்டில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை, "சரி, நாலு மணிக்கு வாளப்பளமும் கடலையும் இருக்கு, வந்துரு" என்று மட்டும் சொன்னாள். கன்ன வீக்கம் மெதுவாக வடிந்தது. சங்கிலி பீரோவிலேயே கிடந்தது.

மிச்சம் இருந்தது வேண்டுதல்.

ஆடி பிறந்ததுமே ராஜபாண்டியன் போன் போட்டான். "அக்கா, வெல்லம் சொல்லிட்டேன். போன தடவ மாதிரி பத்தாமப் போயிரக் கூடாது பாரு. மருமகன் இப்ப என்ன எடை இருப்பான்?"

"ராசு, அந்தப் பேச்ச இனிமே எடுக்காத. அணுகுண்டுங்கிற பேரையும் விட்டுரு."

"என்னக்கா, பாசத்துல கூப்பிடுதது..."

"பாசமா இருந்தா அவனுக்குப் பேரு வச்சிருக்கோம்லா, ஸ்ரீராம்குமாருன்னு. நீதான பேரு வைக்கையில சீனித்தண்ணி தொட்டு வச்ச?" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் கத்துனதாக்கா காரணம்?"

"யாரு ஒருத்தரும் காரணம் இல்லன்னு டாக்டரு சொல்லுதாரு. ஆனா இனிமே கத்தாத."

"சரிக்கா. ஆனா சாமிக்குச் சொன்ன வாக்கு? பிள்ளைக்குச் சொகமாகி வருதுல்லா. குடுக்காம இருந்தா நல்லதில்லியே."

அவளுக்கும் அதே பயம்தான். பிள்ளையைத் தராசில் ஏற்றவும் முடியாது, சாமியை ஏமாற்றவும் முடியாது. பத்து நாள் அதையே அரைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீராம்குமார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆடிப்பெருக்கு நெருங்க நெருங்க, தட்டில் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை அவள் பார்த்தாள். திரி மறுபடி காய்ந்துகொண்டிருந்தது.

ஆடி பதினெட்டு. சிவகாசிப் பட்டாசுக் கடைகளில் தீபாவளி வியாபாரத்துக்குப் பூஜை போடுகிற நாள். ஆடிக் காற்று செம்மண்ணை வாரி வாயில் போட்டது. குலசாமி கோயிலில், வேம்பின் கிளையில் பெரிய தராசு சங்கிலியில் தொங்கியது. ராஜபாண்டியன் வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில், வாயைக் கையால் பொத்தாத குறையாக நின்றான். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஸ்ரீராம்குமாரின் முகம் வெளுத்திருந்தது. அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"தம்பி, வாங்க, ஏறுங்க" என்றார் பூசாரி மணிமுத்து.

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அதற்குள் சொர்ணலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தட்டின் சங்கிலியைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். தட்டு 'ணங்'கென்று தரையைத் தட்டியது.

"யக்கா!" என்றான் ராஜபாண்டியன்.

"என்ன தாயி, வேண்டுதல் பிள்ளைக்குல்லா?" என்றார் மணிமுத்து.

சொர்ணலட்சுமி அவரைப் பார்க்கவில்லை. கருவறையைப் பார்த்துப் பேசினாள். மண்டியில் வியாபாரியை மடக்குகிற அதே குரல்.

"ஆத்தா, எம்பிள்ளை எடைக்கு வெல்லம்னு வாக்குக் குடுத்தது நெசம். அவன் எடை எனக்குத் தெரியாது, தெரிஞ்சிக்கிடவும் வேண்டாம்னு டாக்டரு சொல்லியிருக்காரு. ஆனா எப்பிடிப் பாத்தாலும் அவன விட நான் கனம். அதனால கூடுதலாத்தான் தாரேன். உனக்கு ஒரு நட்டமும் இல்ல. ஒத்துக்கிடு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் நாலு பேர். மணிமுத்து சாமியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், வெல்ல மூட்டையைப் பார்த்தார். நாற்பது வருஷப் பூசாரி. "கூடத் தந்தா ஆத்தா வேண்டாம்னா சொல்லப் போறா? வையிங்கப்பா வெல்லத்த."

வெல்லத்தை வைத்தது ஸ்ரீராம்குமார். மூட்டையை அவிழ்த்து, உருண்டை உருண்டையாக எடுத்து எதிர்த்தட்டில் அடுக்கினான். தட்டு அசையவில்லை. மூட்டை காலியாயிற்று. தட்டு அப்போதும் அசையவில்லை. எல்லாரும் ராஜபாண்டியனைப் பார்த்தார்கள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

கத்தினது தட்டில் உட்கார்ந்திருந்தவள்தான். "ஏய், இன்னொரு மூட்டைய அவுருங்கலே! சொர்ணம் எழும்ப மாட்டேங்கா!"

கோயிலே சிரித்தது. அவள் மகனைத்தான் பார்த்தாள். கையில் வெல்ல உருண்டையோடு அவன் நின்றான். முதலில் கண் நிறைந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

கோயிலிலேயே பொங்கல். வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலும், புளியோதரையும், அவித்த மொச்சையும். ராஜபாண்டியன் கரண்டியோடு மருமகனிடம் வந்தான். இன்னும் கொஞ்சம் என்று சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டு, "ஸ்ரீராம்குமாரு, ஒனக்கு எம்புட்டு வேணுமோ சொல்லு" என்றான். அவன் தன் அளவைச் சொன்னான். அதைச் சாப்பிட்டான். நிதானமாகத்தான் சாப்பிட்டான். இலையை மடக்கினான்.

சொர்ணலட்சுமி கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதன் மறைவில் ஆள் நடமாட்டம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அய்யாதுரையைப் பார்த்தாள். அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காவல் காக்கக்கூடாது. அவள் மரத்தடியில் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

அவன் செம்பில் தண்ணீரோடு வந்தான். அவளிடம் நீட்டிவிட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் நாப்பது நிமிசம் கெடக்கும்மா" என்றான். "அந்தத் தராசு விலைக்கு வருதாம். நீங்க என்ன விலைக்குக் கேப்பீக?"

சொர்ணலட்சுமி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, காற்றில் ஆடுகிற தராசை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓட்டைத் தராசு மொதலாளி" என்றாள். "ஒரு பொம்பள ஏறுனதுக்கே தரையத் தட்டிருச்சு."